ஊறுகாய் முக்குக்கு அப்பால்

செப்டம்பர் 7, வியாழன்

மாலை பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு நோரீன் வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு பேட்டரி சைக்கிள்கள் நின்றன. இரண்டுக்கும் காட்டுப்பச்சை வண்ணம், பருத்த டயர், துப்பாக்கியை மாட்ட ஒரு தாங்கி, பின்னால் கறி ஏற்றிவர ஒரு ட்ரெய்லர். ஒன்று நோரீனுடையது. இன்னொன்று யாருடையது என்று நான் கேட்கவே இல்லை. பிரின்னைத் தவிர வேறு யார்? போன வசந்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள். ஐடஹோவிலிருந்து வந்ததாகச் சொல்கிறாள். எங்கள் மலைப்பக்கம் குடியேற வரும் வெளியூர்க்காரர்கள் எல்லோருமே எனக்குக் கலிஃபோர்னியாக்காரர்கள்தான்.

“ஆர்டிஸ், ஒரு தடவ ஏறிப் பாரேன்டி. சும்மா மிதிச்சாப் போதும், மேட்டுல அதுவே தள்ளிக்கிட்டுப் போவுது,” என்றாள் நோரீன்.

“மோட்டார்ல உக்காந்து வேட்டைக்குப் போறதுக்கு, கடைக்குப் போயி மாட்டுக்கறி வாங்கிட்டு வந்துரலாம்.”

பிரின் சிரித்தாள். நோரீன் சிரிக்கவில்லை. கைப்பிடியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள், அதில் தூசியே இல்லை.

இருபது வருடமாக நானும் அவளும் காட்டுப் பாதையை மறித்திருக்கும் அந்த இரும்புக் கதவுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, இருட்டில் நடந்தே காட்டுக்குள் போகிறோம். அவள் எல்க் மானைச் சுட்டால் பாதி கறி என் முதுகில் வரும். நான் சுட்டால் பாதி அவள் முதுகில். பங்கும் பாதிப் பாதி. இதுதான் எங்கள் ஏற்பாடு. இதில் மூன்றாவது முதுகுக்கு இடம் எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 8, வெள்ளி

அது ஒன்றும் அவ்வளவு அழகான வண்டி இல்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

வேட்டை சீசனுக்கு முன்னால் காட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று நோரீன் கூப்பிட்டாள். கூப்பிட்டது என்னை. வந்தது இரண்டு பேர்.

அவர்கள் சைக்கிளில், நான் நடை. முதலில் நோரீன் எனக்காக மெதுவாக ஓட்டினாள். மெதுவாக ஓட்டினால் சைக்கிள் ஆடுகிறது, விழப் பார்க்கிறது. “நீங்க போங்க, நான் வந்துடறேன்,” என்றேன். போய்விட்டார்கள்! அப்படிச் சொன்னால் போகக் கூடாது என்று இருபது வருடப் பழக்கத்தில் ஒருத்திக்குத் தெரிய வேண்டாமா?

நான் போய்ச் சேர்ந்தபோது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்கின் மூடி எப்போதும் என்னுடைய கோப்பை. அதில் பிரின் குடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த இடத்துக்குப் பேரு ஏதாவது உண்டா?” என்று அவள் கேட்டாள்.

சொல்லிவிடப் போகிறாளோ என்று நோரீனையே பார்த்தேன். நோரீன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாதை பிரியுற இடம், அவ்வளவுதான்,” என்றாள்.

அப்பாடா. சொல்லவில்லை. அதற்கு ‘ஊறுகாய் முக்கு’ என்று பெயர் வைத்தது நாங்கள். நோரீனின் பையில் வெள்ளரி ஊறுகாய் பாட்டில் உடைந்து, காடி அவள் முதுகு வழியாக ஒழுகி, அந்த நாற்றத்தில் மலையில் இருந்த எல்கெல்லாம் அடுத்த மாவட்டத்துக்கு ஓடிப்போன நாளில் வைத்த பெயர். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் எழுந்து நிற்க முடியவில்லை. லைலுக்கும் தெரியாது. என் கணவனுக்கே தெரியாத பெயர்.

காப்பியை வாங்கி மூடியின் மறுபக்கம் திருப்பிக் குடித்தேன்.

அக்டோபர் 2, திங்கள்

ஒவ்வொரு வருடமும் இந்த வாரத்தில் நான் வேட்டை விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நோரீன் வீட்டுக்குப் போவேன். அவள் சமைப்பாள், நான் படித்துச் சொல்வேன். அவளுக்கு அந்தப் பொடி எழுத்து பிடிக்காது. “நீயே என் வக்கீல்,” என்பாள்.

இன்று போன் செய்து, எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

“அட, பிரின்னே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிட்டாடி. நீ சும்மா வா, சாப்பிட்டுப் போ.”

சும்மா வர வேண்டுமாம். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கதவிலிருந்து ஊறுகாய் முக்கு வரை மரக் கம்பெனி நிலம். அதில் பேட்டரி சைக்கிளுக்குத் தடையில்லை, கதவிலேயே எழுதி மாட்டியிருக்கிறது. முக்குக்கு அப்பால் அரசாங்கக் காடு. அந்தப் பாதை மோட்டார் வண்டிக்கு மூடியது. பேட்டரி சைக்கிளும் அங்கே மோட்டார் வண்டிதான். மிதித்தாலும் சரி, மிதிக்காவிட்டாலும் சரி. பெடல் இருக்கிறது, அதனால் சைக்கிள்தான் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாட்டினால் அபராதம், அதோடு வேட்டை உரிமத்துக்கும் சிக்கல்.

இதைப் போன் செய்து சொல்லலாம். சொல்ல வேண்டும்.

ஏன் சொல்ல வேண்டும்? பிரின்தான் எல்லாவற்றையும் படித்துவிட்டாளே. அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் — தெரியாவிட்டால் அப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அக்டோபர் 21, சனி. சீசன் முதல் நாள்

தனியாகப் போகிறேன் என்று முந்தாநாளே சொல்லிவிட்டேன். “என்னடி கோபம்?” என்று நோரீன் கேட்டாள். “கோபமா? எனக்கா?” என்றேன்.

விடிவதற்கு முன் கதவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று இரண்டு விளக்கு. சரளைக்கல் லேசாக நொறுங்கும் ஒலி, அவ்வளவுதான். பக்கத்தில் வந்து நின்றார்கள். வேட்டைக்கான ஆரஞ்சு உடுப்பில் இரண்டு பூசணிக்காய்கள்.

“பையையாவது குடு ஆர்டிஸ். ட்ரெய்லர் காலியாத்தான் கிடக்கு. முக்குல வச்சிட்டுப் போறேன்.”

“என் பையை நான் தூக்குவேன்.”

“உனக்குத் தூக்க முடியலன்னு யாருடி சொன்னா?”

வழி விட்டு ஒதுங்கினேன். போனார்கள். அவர்களுடைய சிவப்பு விளக்கு வளைவில் மறையும் வரை நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. காட்டுப் பாதையில் நின்றுகொண்டு அழுகையை விழுங்கும் வயதா இது?

எல்க் ஒன்றும் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் சுட்டிருப்பேனா, தெரியாது. யார் வந்து தூக்குவார்கள்?

அக்டோபர் 22, ஞாயிறு

கால் வலிக்கிறது. யாரிடமும் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

லைல் காலை உணவின்போது கேட்டான்: “ஒனக்கு எல்க் மேல கோபமா, சைக்கிள் மேல கோபமா?”

“ரொட்டிய சாப்பிடு.”

“இல்ல, எனக்கும் ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்தா நான் அந்தப் பொண்ணுகூடப் போறேன். நீ நோரீன்கூடப் போ. கணக்கு நேராயிரும்.”

அவன் பத்து வருடமாகக் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. கேலிக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த மரமண்டைக்கே விஷயம் புரிந்துவிட்டது, நோரீனுக்குப் புரியவில்லை. அதுதான் எரிகிறது.

நவம்பர் 4, சனி

பண்ணிவிட்டேன்.

முதலில் இருந்து எழுதுகிறேன். நேற்று பனி விழுந்திருந்தது. தடம் பார்க்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது. நான் ஓடைப் பக்கமாக ஏறி, மதியத்துக்கு மேல் ஊறுகாய் முக்குக்கு மேலே பாதையில் இறங்கினேன். அங்கே பனியில் சக்கரத் தடம். இரண்டு கோடுகள், பக்கத்துப் பக்கத்தில், உள்ளே போய்த் திரும்பியும் வந்திருந்தன. கீழே, மோட்டார் வண்டிக்குத் தடை என்று எழுதிய பலகையைத் தாண்டி. அவர்களுடைய ட்ரெய்லர். வேறு யார் அந்தப் பக்கம் ட்ரெய்லரோடு வருகிறார்கள்?

உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. படித்துவிட்டாளாம்! எல்லாவற்றையும் படித்துவிட்டாளாம்! என் நோரீனைக் கூட்டிக்கொண்டு போய், பலகையைத் தாண்டி, இளவரசிகள் மாதிரி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இருபது வருடத்தில் எங்கள்மேல் ஒரு சின்னக் குற்றம் கிடையாது. ஒரு குற்றம் கிடையாது!

கதவருகே வந்ததும் போனில் சிக்னல் வந்தது. வேட்டைக் குற்றம் பார்த்தால் சொல்லும் எண்ணைக் கூப்பிட்டேன். பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள். எது எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு பெண்கள், பேட்டரி சைக்கிள், ட்ரெய்லர், இன்ன கதவு, இன்ன பாதை. என்ன வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது நோரீனிடமிருந்து ஒரு படம் வந்தது. பனியில் ஒரு பெரிய கொம்பன் எல்க். அதன் பக்கத்தில் பிரின் மண்டியிட்டு, மூக்கெல்லாம் சிவந்து, சிறு பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: “பிரின்னோட முதல் எல்க்! பாதிதான் கொண்டுவர முடிஞ்சுது. மீதிய மரத்துல தொங்க விட்டிருக்கோம். நாளைக்கு வர்றியாடி? நீ இல்லாம நல்லாவே இல்ல.”

நீ இல்லாம நல்லாவே இல்ல.

அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். நான் பார்த்தது தப்பாக இருக்கலாம் என்றேன். தகவல் வேட்டைக் காவல் அதிகாரிக்குப் போய்விட்டது அம்மா, அவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள்.

நவம்பர் 5, ஞாயிறு

அதிகாரி வருவதற்கு முன்னால் போய் நோரீனிடம் எதையாவது சொல்லி, சைக்கிளை முக்குக்குக் கீழே இறக்கிவிடலாம் என்று கிளம்பினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கதவுக்குப் போனால் அவருடைய வண்டி ஏற்கெனவே அங்கே நின்றது. இளைஞர், நல்ல தாடி. கதவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். “காலை வணக்கம் மேடம், வேட்டைக்கா?” என்றார். “ஃப்ரெண்டுக்கு உதவிக்கு வந்தேன்,” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு கூசியது.

காத்திருந்தோம். மதியம் போல அவர்கள் வந்தார்கள். பிரின் முன்னால், ட்ரெய்லர் நிறையத் துணிப்பைகளில் கறி, மேலே கொம்பைக் கயிற்றால் கட்டியிருந்தாள். நோரீன் பின்னால் வந்தாள். எங்களைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நொண்டினாள்.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். துப்பாக்கியில் குண்டு இல்லை. டேக்கில், அதாவது சுட்ட எல்குக்கான அனுமதிச் சீட்டில், தேதி சரியாக வெட்டியிருந்தது. பிரின் அதை எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் அவர் கேட்டார்: “சைக்கிள்ல மேல வரைக்கும் போனீங்களா?”

“இல்ல சார்,” என்றாள் பிரின். “பலகைக்குக் கீழேயே மரத்தோட சேர்த்துப் பூட்டிட்டோம். ட்ரெய்லரக் கழட்டிக் கையால இழுத்துட்டுப் போனோம். கையால இழுத்தா சரிதானே? புத்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு.”

“சரிதான்மா. நான் காலைலயே நடந்து போய்ப் பாத்துட்டேன். ரெண்டு சக்கரம், நடுவுல பூட்ஸ் அடி. சைக்கிள் போயிருந்தா நடுவுல மூணாவது கோடு இருந்திருக்குமே.”

நடுவில் மூன்றாவது கோடு. இல்லை. இல்லவே இல்லை. பூட்ஸ் அடி இருந்திருக்கிறது. ஒரு பெரிய அடி, ஒரு சின்ன அடி, சின்ன அடி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துப் போயிருந்திருக்கும். சின்ன வயதிலிருந்து தடம் பார்க்கிறவள் நான். ஒரு பெண் எல்க் எந்தக் காலில் நொண்டுகிறது என்று பனியைப் பார்த்துச் சொல்வேன். நேற்று எனக்கு வேண்டியதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அவர் கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பை எடுத்தார். “ஒண்ணு மட்டும் கேக்கணும். தகவல் குடுத்தவங்க ‘ஊறுகாய் முக்குக்கு அப்பால’ன்னு சொல்லியிருக்காங்க. என் மேப்புல அப்படி ஒரு இடமே இல்ல. எங்க இருக்கு அது?”

பிரின் சிரித்துவிட்டாள். “ஊறுகாய் முக்கா? யாரு சார் வச்ச பேரு?”

நோரீன் ட்ரெய்லரின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அந்த வார் ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

“அப்படி ஒரு இடம் எங்களுக்குத் தெரியாது சார்,” என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் ஒரு பையைத் தூக்கி வண்டியில் வைக்கலாம் என்று கிட்டப் போனேன். நோரீன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. வெறுமனே வாங்கிக்கொண்டாள்.

“நாங்க பாத்துக்கறோம் ஆர்டிஸ். நீ வீட்டுக்குப் போ.”

என்னை ‘டி’ போட்டுக் கூப்பிடவில்லை.

நவம்பர் 6, திங்கள்

போன் வரவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

வரவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

காட்டுக்குப் போகவில்லை. லைல் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். “காய்ச்சல் இல்லியே,” என்றான். அவனிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்தப் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பான். அதைச் சொல்ல வேண்டும். அதை இவனிடம் இப்போது எப்படிச் சொல்வது?

நவம்பர் 18, சனி

நோரீன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரம் போட்டு.

“நான்தான் போன் பண்ணேன்,” என்றேன்.

“தெரியும். வேற யாரு பண்ணுவா? அந்தப் பேரு ஒலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் பண்ணல.”

“அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லல?”

“எதுக்கு? அந்தப் பொண்ணு முன்னாடி ஒன்ன நாறடிக்கவா? நீ இந்த ஊர்ல பொழைக்கணும். நாளைக்கு அவளுக்குப் புள்ள பொறந்தா அது ஒன் பஸ்லதான் ஏறணும்.”

எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“நான் எதுக்கு அந்தச் சைக்கிள வாங்குனேன்? பெருமைக்கா? இடுப்பு தேய்ஞ்சு போச்சு. எலும்போட எலும்பு உரசுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேஷன் பண்ணணும்னாரு. அந்தக் கதவுல இருந்தே நடந்தா முக்குலயே என் கால் நின்னுரும் ஆர்டிஸ். ஒன்கிட்டச் சொன்னா நீ எனக்காக மெதுவா நடப்ப. பின்னாடி திரும்பித் திரும்பிப் பாப்ப. அது எனக்கு வேண்டாம்னுதான் வாங்குனேன். ஒனக்கும் ஒண்ணு வாங்கலாம்னுதான் அன்னிக்கி ஏறிப் பாருன்னேன். நீ என்ன சொன்ன? கடையில மாட்டுக்கறி வாங்கிக்கோன்னு சொன்ன. பிரின் முன்னாடி.”

“எனக்குத் தெரியாதேடி.”

“ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். போன வசந்தத்துலேருந்து நொண்டுறேன். எல்கு நொண்டுனா ஒனக்குத் தெரியும். நான் நொண்டுனா தெரியாதா?”

பார்த்திருக்கிறேன். பார்த்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். வயசாகிவிட்டது, புதுச் சிநேகிதம் வேண்டியிருக்கிறது, பழையவளோடு நடக்க அலுப்பு என்று நினைத்தேன்.

மன்னித்துவிடு என்றேன். அழுதேன். அவள் காகிதத் துண்டைக் கிழித்து மேசையில் வைத்தாள்.

“என்கிட்ட எதுக்கு? ஒரு பொண்ணோட மொத எல்க். அதுல ஒரு அதிகாரிய வரவச்சு அவ பையெல்லாம் கிளற விட்டே. அவகிட்ட போயிச் சொல்லு. அதுக்கப்புறம் நாம பேசலாம். இல்ல பேசாம இருக்கலாம். அப்ப பாக்கலாம்.”

நவம்பர் 19, ஞாயிறு

பிரின் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். இதை எழுதக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன். சொன்னேன். நான்தான் என்றேன். பொறாமை என்றேன். அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்ணெய்க் கையைப் புல்லில் துடைத்தாள்.

“அந்த ஆளு டேக்கக் கையில எடுத்தப்போ பயந்தே போயிட்டேன். எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன், எல்கப் புடுங்கிட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். அன்னிக்கி ராத்திரி சாப்பிடவே முடியல.”

“தெரியும். அதுக்குத்தான்—”

“பனியில ரெண்டு கோடுதானே இருந்துச்சு? நடுவுல அடி இருந்துச்சே?”

“இருந்துச்சு.”

“நோரீன் சொன்னாங்க, இந்தப் பக்கம் ஒங்கள மாதிரித் தடம் படிக்க ஆளே இல்லன்னு. நீங்க எங்ககூட வரலன்னதும் எனக்கு அதான் வருத்தமா இருந்துச்சு. ஒங்ககிட்டக் கத்துக்கலாம்னு இருந்தேன்.”

அவ்வளவுதான். திரும்பவும் சங்கிலியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

நவம்பர் 23, வியாழன். நன்றி நாள்

விருந்து வான்கோழி அடுப்பிலேயே காய்ந்துபோய்விட்டது. நோரீன் வரவில்லை. அவள் எப்போதும் உட்காரும் நாற்காலியில் லைல் செய்தித்தாளை வைத்திருந்தான். எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

நவம்பர் 26, ஞாயிறு

சீசன் முடிந்தது. என் டேக் வெட்டாமலே இருக்கிறது. மாலையில் பிரின் வந்து வாசலில் ஒரு பொட்டலம் கறி வைத்துவிட்டுப் போனாள். கதவைத் தட்டவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

ஏன் கொடுத்தாள்? நல்லவளாக இருப்பதால் கொடுத்தாளா, நான் வெட்கப்பட வேண்டும் என்று கொடுத்தாளா? பார், இன்னும் என் புத்தி இப்படித்தான் போகிறது.

ஜனவரி 20, சனி

நோரீன் போன் செய்தாள். மறுபடி டாக்டரைப் பார்க்க மிசூலா நகரத்துக்குப் போக வேண்டுமாம். “பிரின்னுக்கு வேலை இருக்கு. அதனாலதான் ஒன்னக் கேக்கறேன்,” என்றாள்.

அந்த ‘அதனாலதான்’ எனக்குப் போதும். வண்டியைச் சுத்தம் செய்தேன். டிக்கியைக்கூட.

ஜனவரி 24, புதன்

போகும்போது வானிலையைப் பற்றிப் பேசினோம். வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாதி வழியில் விழித்துக்கொண்டு, “மெதுவா ஓட்டுடி, பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற பஸ்ஸுல கூடவா இப்படிப் பறப்ப?” என்றாள்.

‘டி’ போட்டுவிட்டாள்!

செப்டம்பர் 12, வியாழன்

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. நோரீன் கட்டிலிலிருந்து எல்லோரையும் விரட்டுகிறாள். இந்த சீசனில் காடு கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரை என்னென்னவோ சொல்லித் திட்டினாள், எழுத முடியாது. பிரின்னும் நானும் அவள் வீட்டில் முறை போட்டுச் சமைக்கிறோம். பிரின்னின் சூப் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அக்டோபர் 26, சனி. சீசன் முதல் நாள்

நேற்று நோரீன் சொன்னாள்: “என் சைக்கிள் சும்மாத்தானே நிக்குது. எடுத்துட்டுப் போ. அவகூடப் போ. தனியாப் போகாத. ஆனா சீட்ட மாத்தாத. எனக்குன்னு வச்ச ஒயரம் அது.”

எனக்கு அவளைவிட ஒரு சாண் உயரம் அதிகம். முட்டி மோவாயில் இடித்தது. கதவு தாண்டிய உடனே இறங்கி சீட்டை உயர்த்திக்கொண்டேன். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தது பிரின்.

மேட்டில் அது தள்ளிக்கொண்டு போனது. மிதித்தால் யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்து ஏற்றிவிடுவது மாதிரி இருக்கிறது. இருட்டு, குளிர், முன்னால் பிரின்னின் சிவப்பு விளக்கு. நன்றாகத்தான் இருந்தது. வேறு என்ன எழுத?

பலகைக்குக் கீழே சைக்கிள்களைப் பூட்டினோம். ட்ரெய்லரைக் கழற்றி இழுத்துக்கொண்டு மேலே போனோம். ஓடைச் சரிவில் ஒரு தடம் கிடைத்தது. பிரின்னிடம் காட்டினேன். எது பெண், எவ்வளவு நேரத்துக்கு முன், ஓடியதா நடந்ததா. அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள், மூன்றாவது தடவை சரி. எல்க் அகப்படவில்லை. பரவாயில்லை, முதல் நாள்தானே.

கதவுக்கு வந்ததும் சிக்னல் வந்தது. போன் உடனே அடித்தது. நோரீன்.

“எங்கடி இருக்கீங்க? எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்!”

“இப்பத்தான் கீழ வந்தோம்.”

“எந்தப் பக்கம் போனீங்க?”

“ஓடச் சரிவு.”

“அவள அங்க கூட்டிட்டுப் போனியா? அது நாம போற இடம்டி.”

“தடம் இருந்துச்சு, அதான்.”

“காட்டுனியா அவளுக்கு? சரி, சரி. காப்பி யாரு கொண்டுபோனா?”

“அவதான்.”

“ம். அவ காப்பி தண்ணியா இருக்குமே. ரெண்டு பேரும் உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுக் குடிச்சீங்களாக்கும்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நான் இங்க தலகாணி மேல கால வச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஒரு போன் பண்ண ஒங்களுக்குத் தோணல. போங்க, போங்க. நல்லாப் போங்க.”

எனக்கு அந்தக் குரல் தெரியும். போன வருடம் முழுக்க என் தொண்டைக்குள் இருந்தது அது. ஒவ்வொரு வார்த்தையும் தெரியும், அடுத்து என்ன வரும் என்றுகூடத் தெரியும். சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். நான் இல்லாத இடத்தில் அவள் இருப்பது எனக்கு வலித்தது மாதிரி, அவள் இல்லாத இடத்தில் நான் இருப்பது அவளுக்கு வலிக்கிறது. இதைத்தானே கேட்டேன், இவ்வளவு நாளும்?

பிறகு அந்த வலி என்னவென்று எனக்குத் தெரியும் என்பதும் ஞாபகம் வந்தது.

“நோரீன், நீ இல்லாம நல்லாவே இல்லடி. இப்ப நேரா ஒன் வீட்டுக்குத்தான் வர்றோம். எல்லாத்தையும் சொல்றேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

“பொய் சொல்ற. சீட்ட மாத்துனியா?”

“இல்ல.”

பிரின் ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் போனைப் பையில் போட்டுவிட்டு அவளிடம் ஸ்பானரைக் கேட்டேன். அவள் ஏற்கெனவே அதைக் கையில் வைத்திருந்தாள்.